கோணலாய்க் குத்திய ஊசி

ஜொவிட்டாவின் தொழில் முழுவதும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிடும். அதில் அளவு வாரியாகப் பிரித்துவைத்த ஊக்கூசிகள். மணப்பெண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட இருபத்திரண்டு ஊசி போதும். விளம்பரப் படப்பிடிப்பென்றால் முப்பதுக்கு மேல் ஆகும். வேலை முடிந்து புடவை அவிழ்ந்ததும் ஒவ்வொன்றாக எண்ணி டப்பாவில் போட்ட பிறகுதான் எழுந்திருப்பாள். எத்தனை ஊசி குத்தினாலும் அதில் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. ஊசி தெரிந்தால் அது தன் கைவேலை இல்லை என்று சொல்லிக்கொள்வாள்.

வயது நாற்பத்தாறு. வீடு மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடி. கணவர் லியோனார்ட் தேவாலயப் பங்கு நடத்தும் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஒரே மகன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான்.

ஊருக்கெல்லாம் ஊசி தெரியாமல் கட்டிவிடுகிறவளுக்குத் தன் புடவையில் மட்டும் அது கைகூடுவதில்லை. எட்டு வருடங்களுக்கு முன் லஸ் நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வலக்கையைக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளின் பின்புறம் தொட முடியவில்லை. இடக்கையாலேயே தோளுக்கு மேல் மடக்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தடவித் தடவி முந்தானையைக் குத்துவாள். ஊசி எப்போதும் கோணலாகவே விழும். பாதி வெளியே தெரியும். மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்குப் பின்வரிசையில் அமர்வது லியோனார்டின் அக்கா ஐவி. மண்டியிட்டு எழும்போதெல்லாம் அவள் கண்ணுக்கு நேரே அந்த ஊசிதான். “ஊருக்கெல்லாம் நேரா குத்துறே, உனக்கு மட்டும் இப்படிக் கோணலா குத்திக்கிறியே ஜொவிட்டா” என்று எட்டு வருடமாகச் சொல்லிவருகிறாள். பக்கத்தில் இருக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஜொவிட்டாவும் சிரிப்பாள்.

படப்பிடிப்பு வேலையில் அவளுக்குப் பழகிப்போன ஒரு வாக்கியம் உண்டு. “ஒரு இன்ச் இறக்குங்கக்கா.” அதை எவரும் மாடல் பெண்ணிடம் நேராகச் சொல்வதில்லை. புடவை கட்டுகிறவளிடம்தான் சொல்வார்கள். அவள் அந்தப் பெண்ணின் முன்னால் முட்டி போட்டு, முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், கொசுவத்தைத் தளர்த்தி இடுப்பில் ஒரு அங்குலம் இறக்குவாள். இருபது வருடத்தில் அந்த அங்குலங்கள் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. மனசாட்சிக்கு அவள் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தாள். சொன்ன அளவுக்கு இறக்கியதும், யாரும் பார்க்காமல் உள்பாவாடையோடு சேர்த்து ஓர் ஊசியை ஆழமாகக் குத்திவிடுவாள். அதன்பின் யார் இழுத்தாலும் புடவை அதற்குக் கீழே இறங்காது. காவல் ஊசி என்று அதற்குத் தனக்குள் பெயரும் வைத்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள், தியாகராய நகர்ப் பட்டுக் கடை ஒன்றின் தீபாவளி விளம்பரத்துக்காக அடையாறு ஸ்டுடியோவில் வேலை. மாடல் மதுவந்தி, இருபத்திரண்டு வயதுப் பெண், மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட போக்குவரத்தில் சிக்கிக்கொண்டாள். மாடல் தாமதித்தால், உயரம் ஒத்துவருகிற யாராவது விளக்கு வெளிச்சத்தைச் சரிபார்க்க நிற்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஜொவிட்டா பலமுறை நின்றிருக்கிறாள், தன் சொந்த உடையின்மேல் புடவையைப் போர்த்திக்கொண்டு. அன்று புகைப்படக்காரர் குருபிரசாத் ரவிக்கையையும் அணிந்துகொள்ளச் சொன்னார். அரக்குப் பட்டின் ஒளி வெற்று முதுகில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டுமாம். முதுகில் துணியே இல்லாத ரவிக்கை அது. கயிற்றால் இழுத்துக் கட்டுவது, யாருக்கும் பொருந்தும். அவள் தயங்கினாள். முகம் வராது, திரும்பி நின்றால் போதும், பத்தே நிமிடம் என்றார்.

அவளுக்குக் கட்டிவிட ஆளில்லை. தானே கட்டிக்கொண்டு, முந்தானையைத் தானே குத்திக்கொண்டாள். பத்து நிமிடத்துக்கு எதற்கு என்று காவல் ஊசியைக் குத்தவில்லை. விளக்கின் முன் திரும்பி நின்றபோது முந்தானை நழுவுவதுபோல் தோன்றவே, இடக்கையை உயர்த்தித் தோளில் ஊசியைத் தடவினாள். கை உயர்ந்ததில் கொசுவம் நெகிழ்ந்து இடுப்பில் வழிந்தது. அந்தக் கணத்தில் பின்னாலிருந்து கேமரா இரண்டு முறை ஒலித்தது. அதற்குள் மதுவந்தி வந்து சேர்ந்தாள். ஜொவிட்டா உடை மாற்றிக்கொண்டு, ஊசிகளை எண்ணி எடுத்துக்கொண்டு, முட்டி போட்டு வேலையைத் தொடங்கினாள். அத்தோடு அதை மறந்தும் போனாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் ரங்கநாதன் தெருவுக்கு ஊசி வாங்கப் போகும்போது, பனகல் பூங்கா சிக்னலில் ஆட்டோ நின்றது. எதிரே பட்டுக் கடையின் நான்கு மாடிகளையும் மூடி ஒரு பேனர் தொங்கியது. கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை ஒரு பெண்ணின் வெறும் முதுகு. ஒரு கை பாதி உயர்ந்திருந்தது. அரக்குப் பட்டு இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டே இருப்பதுபோல் நின்றுவிட்டிருந்தது. ‘இந்தத் தீபாவளிக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்’ என்று கீழே தங்க எழுத்துக்கள்.

தொழில் புத்தியில் அவள் முதலில் தேடியது ஊசியைத்தான். கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. இடது தோளில், ஒரு ஆள் உயரத்துக்கு, ஊசி ஒன்று கோணலாகத் தலைகீழாய்ச் சாய்ந்து கிடந்தது.

அந்த இடுப்பு அவளுடையது இல்லை, செதுக்கிக் குறுக்கியிருந்தார்கள். நிறமும் அவளுடையது இல்லை. பஸ்ஸிலிருந்து விழுந்ததில் முதுகில் ஏற்பட்ட தழும்பு காணாமற்போயிருந்தது. ஊசியை மட்டும் நகை என்று நினைத்தோ என்னவோ மெருகேற்றி விட்டுவைத்திருந்தார்கள்.

“இன்னாக்கா, நீயும் அத்தத்தான் பாத்துகினு கீறியா?” என்றார் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து. “ஒரு வாரமா இந்த சிக்னல்ல ஒருத்தனும் வண்டி எடுக்க மாட்றான். பச்ச வுயுந்தாலும் பராக்கு பாத்துகினு நிக்கிறானுங்கோ.”

அவள் முந்தானையை இழுத்து இரண்டு தோள்களையும் போர்த்திக்கொண்டாள். ஊசி வாங்காமலே திரும்பச் சொன்னாள். வழியெல்லாம், பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் தன் முதுகுக்குப் பின்னால் வருவதாகவே பட்டது.

அந்தப் படத்தில் இருப்பது யாரென்று உலகத்தில் எவருக்கும் தெரிய வழியில்லை. முகம் இல்லை, நிறம் இல்லை, தழும்பு இல்லை. ஆனால் எட்டு வருடமாக அந்த ஊசியை ஞாயிறுதோறும் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒரு வரிசை நிறைய இருந்தார்கள். ஐவி தீபாவளித் தள்ளுபடிக்குத் தியாகராய நகர் போகாமல் இருப்பவள் இல்லை. அவள் அண்ணாந்து பார்க்க ஒரு கணம் போதும்.

அது செபமாலை மாதம். மாலைதோறும் ஒவ்வொரு வீடாக அன்பியக் கூட்டம், தெருக்காரர்கள் கூடிச் செபமாலை சொல்வது. ஜொவிட்டா சுவரில் முதுகைச் சாய்த்து உட்காரக் கற்றுக்கொண்டாள். ஞாயிறன்று கோயிலில் கடைசி வரிசைக்குப் போனாள். ஏன் அங்கே போய் உட்கார்ந்தாய் என்று ஐவி கேட்டதற்கு, முட்டி வலி, சுவரைப் பிடித்து எழ வசதி என்றாள். பொய் சொன்ன வாயோடு பூசையில் நற்கருணை வாங்கப் போகவும் பயமாக இருந்தது. வீட்டில் ஊசியை நேராகக் குத்திப் பார்க்கக் கண்ணாடி முன் அரை மணி நேரம் முயன்றாள். தோள் வலித்ததே தவிர ஊசி நேராகவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை லியோனார்ட் பள்ளியிலிருந்து வந்ததும் விசிலைக் கழற்றி மேசையில் போட்டார். பதினோராம் வகுப்புப் பையன்களிடம் ஒரு போனைப் பிடுங்கியதாகச் சொன்னார். அந்தப் பட்டுக் கடை படத்தை நகர்த்தி நகர்த்தி, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடைக்காரர்களே இன்ஸ்டாகிராமில் ‘யார் இவள்?’ என்று ஒரு போட்டி வைத்திருக்கிறார்களாம். கீழே வந்திருக்கும் பதில்களை வாயால் சொல்ல முடியாது என்றார்.

“பசங்களைச் சொல்லி என்ன பண்றது” என்றார் பிறகு. “காட்டுறவ காட்டுனா பார்க்கிறவன் பார்க்கத்தான் செய்வான். அவளுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும்ல? புருஷன் இருப்பான்ல?”

ஜொவிட்டா அவருக்கு முதுகைக் காட்டாமல், சுவரோரமாக நகர்ந்து, டீயில் இரண்டாவது முறையாகச் சர்க்கரை போட்டாள்.

மறுநாள் அடையாறுக்குப் போனாள். குருபிரசாத் நல்லவிதமாகவே பேசினார். மாடலை வைத்து அன்று எடுத்த நாற்பது படத்திலும் அந்த இயல்பு வரவில்லை. சோதனைப் படத்தைக் கடைக்காரர் தற்செயலாகப் பார்த்து இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார் என்றார். பெண் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பதுபோல் இருக்கிறதாம்.

“தெரியாமத்தானே நின்னேன்” என்றாள் ஜொவிட்டா.

“அதான்க்கா அழகே. பயப்படாதீங்க, அதுல உங்களது எதுவுமே இல்லை. இடுப்பு மாத்தியாச்சு, கலர் மாத்தியாச்சு. சொன்னாக்கூட ஒருத்தரும் நம்பமாட்டாங்க.”

தீபாவளி வரைக்கும் ஒப்பந்தம், அதற்குமுன் இறக்க மாட்டார்கள் என்றார். அவள் படியிறங்கும்போது, அடுத்த வாரம் ஒரு நகைக் கடை வேலை இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றும் நினைவூட்டினார். அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று யாராவது கேட்பார்களே என்ற பயம்.

சொன்னாலும் எவரும் நம்பமாட்டார்கள் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை மதுவந்தி போன் செய்தாள். குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் பேசினாள். அந்த விளம்பரத்தின் மற்றப் படங்களில் அவள் முகம் இருந்ததால், ‘யார் இவள்’ போட்டிக்கு எல்லோரும் அவள் பெயரையே எழுதிவிட்டார்கள். நாளுக்கு நூற்றுக்கணக்கில் செய்திகள். ஒவ்வொன்றும் அந்த முதுகைப் பற்றி, அதை என்ன செய்வோம் என்பதைப் பற்றி. அவள் அபிராமபுரத்தில் அபயாம்பாள் என்ற அம்மாளின் ஃபிளாட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். யாரோ முகவரியையும் கண்டுபிடித்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேர் பைக்கில் வந்து தெருமுனையில் நிற்கிறார்கள். எந்த மாடி என்று வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார்கள். மூன்று நாளாக அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் அபயாம்பாள்.

“ஜொவிக்கா, அது நான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல? நான் வர்றதுக்கு முன்னாடி லைட்டுக்கு யாரோ நின்னாங்கன்னு குரு சார் சொன்னாரு. யாருன்னு நான் கேட்கமாட்டேன். இவ இல்லைன்னு மட்டும் வீட்டம்மாகிட்ட வந்து சொல்லிட்டுப் போங்க. நீங்க சொன்னா கேட்பாங்க.”

வருகிறேன் என்றாள் ஜொவிட்டா. இருபது வருடத்தில் எத்தனையோ பெண்கள் முன் முட்டி போட்டிருக்கிறாள். அந்தப் படங்கள் அச்சானபின் அவர்கள் எந்தத் தெருவில், எந்தக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கணக்காக எண்ணி எடுத்துக்கொண்டு வந்தது ஊசிகளை மட்டும்தான்.

மந்தைவெளியிலிருந்து அபிராமபுரம் நடக்கிற தூரம். மறுநாள் மதியம் நடந்தே போனாள். தெருமுனையில் பைக் ஒன்று நின்றது. அதன்மேல் இருவர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடந்தபின் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அபயாம்பாள் எழுபதை நெருங்கிய, மெலிந்த பெண்மணி. கதவுச் சங்கிலியை எடுக்காமலே யாரென்று கேட்டு, மதுவந்தி உள்ளேயிருந்து சொன்ன பிறகுதான் திறந்தார். அவர் கோபமாக இருப்பார் என்று எண்ணி வந்திருந்தாள் ஜொவிட்டா. படத்தில் இருப்பது மதுவந்தி இல்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கதவுச் சங்கிலியை மறுபடியும் மாட்டினார்.

“எனக்கு இந்தப் பொண்ணு மேல வருத்தமில்லை” என்றார். “ஆத்துல நான் ஒண்டியா இருக்கேன். நேத்து ஒருத்தன் மாடிப்படி வரைக்கும் வந்துட்டான். அது இவ இல்லைன்னு நீங்க சொல்றேள். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. நான் எதை வச்சு நம்பறது?”

ஜொவிட்டாவின் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. அன்று நின்றது வேறொரு மாடல், மும்பைப் பெண், பெயர் நினைவில்லை. நேற்றிலிருந்து சேர்த்துவைத்த வாக்கியம். மதுவந்தி சுவரோரம் நின்றாள். போர்வை போன்றதொரு துப்பட்டாவால் இரு தோள்களையும் இறுக்கிப் போர்த்தி, முதுகைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிலை ஜொவிட்டாவுக்கு நன்றாகத் தெரிந்த நிலை.

“உன் போன்ல அந்தப் படத்தை எடும்மா” என்றாள். “அம்மாகிட்ட குடு.”

பிறகு போர்த்தியிருந்த முந்தானையை விலக்கிவிட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். தோளில் இருக்கிற ஊசியைப் பாருங்கள், படத்தில் இருக்கிற ஊசியையும் பாருங்கள் என்றாள். மூக்குக் கண்ணாடி உறையின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. அவள் எதிரே இருந்த சுவர் நாட்காட்டியில் ஐப்பசி மாதத்து நாட்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நின்றாள்.

“ஜொவிக்கா” என்றாள் மதுவந்தி.

அபயாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் இருக்கட்டும் என்றார். பிறகு, குற்றம் செய்தவர்போல், ஒன்றைச் சொன்னார். “நான் பயத்துல ஃபிளாட் குரூப்ல போட்டுட்டேன், இவதான் அதுன்னு. முப்பத்தாறு ஆத்து மனுஷா அதுல இருக்கா. இப்ப இல்லைன்னு போட்டா, பின்ன யாருன்னு கேப்பாளே. நான் என்ன சொல்லட்டும்?”

அந்தக் குழுவில் பங்கைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் இருப்பது ஜொவிட்டாவுக்குத் தெரியும். அதில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அவள்தான் கல்யாணப் புடவை கட்டிவிட்டாள். அங்கே ஒரு பெயர் விழுந்தால் அன்று மாலையே ஐவியின் காதுக்குப் போய்விடும். உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தால் மனம் மாறிவிடும் என்று நின்றாள்.

“என் பேரையே போடுங்க” என்றாள். “புடவை கட்டிவிடுற ஜொவிட்டா, லைட்டு பார்க்க நின்னப்போ கேட்காம எடுத்ததுன்னு போடுங்க. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் மட்டும் பொறுங்க. வீட்ல ஒருத்தர்கிட்ட நான் முதல்ல சொல்லணும்.”

லியோனார்ட் ஐந்து மணிக்கு வந்தார். அவள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திரும்பி நின்றாள்.

“ஊசி எப்படி இருக்கு?”

“கோணலா இருக்கு” என்றார் சிரித்துக்கொண்டே. “எப்பவும் இருக்கிற மாதிரிதான். ஏன், அக்கா ஏதாச்சும் சொன்னாளா?”

“அந்தப் பையன்கிட்ட பிடுங்கின படத்துல இதைப் பார்த்தீங்களா?”

ரயில் ஒன்று நிலையத்தில் வந்து நின்று கிளம்பியது. திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் திரும்பாமலே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டுடியோ, கயிறு வைத்த ரவிக்கை, காவல் ஊசி குத்தாதது, இரண்டு முறை ஒலித்த கேமரா, அபிராமபுரத்தில் அறைக்குள் கிடக்கும் பெண். இவ்வளவையும் எதிர்ச் சுவரைப் பார்த்தே சொன்னாள். கடைசியில், ஆறு மணிக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றாள்.

நாற்காலி நகர்ந்த ஓசை. அவர் வெளியே போய்விடுவார் என்று நினைத்தாள். செருப்பு மாட்டும் ஒலிக்காகக் காத்திருந்தாள்.

“ஜொவி.” குரல் அவளுக்குத் தெரிந்த குரலாக இல்லை. “அந்தப் போனைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நானும் பார்த்தேன். ஒரு தடவை மட்டும் இல்ல.” நிறுத்தினார். “ஊசியைப் பார்க்கலை.”

இத்தனை நாளும் அவள் நடுங்கியது அவர் அடையாளம் கண்டுவிடுவார் என்பதற்காக. இருபத்து மூன்று வருடம் பக்கத்தில் படுத்தவர், அவள் முதுகை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, யாரோ ஒருத்தி என்று வீட்டுக்கு வந்து திட்டியிருக்கிறார். அந்தப் படத்தில் பார்க்கிறவருக்கு ஆளே தேவைப்படவில்லை. முதலாவதைவிட இது அதிகப் பயமாக இருந்தது.

அவர் அருகில் வந்து, என்ன செய்வதென்று தெரியாதவராக, அந்த ஊசியை நேராக்கக் கையை நீட்டினார். விரல் பட்டதும் அவள் தோளைச் சுருக்கிக்கொண்டாள்.

“விடுங்க. அப்படியே இருக்கட்டும்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். அக்காவிடம் தானே பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்; ஞாயிற்றுக்கிழமை தன் பழைய வரிசையிலேயே உட்காரப்போவதாகச் சொன்னாள். ஐவியின் கண்கள் அவள் தோளில் வந்து விழும் அந்தக் கணத்தை இப்போதே முதுகில் உணர்ந்தாள்.

மேசைமேல் போன் கிடந்தது. மணி ஆறாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. லியோனார்ட் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.